பழஞ்சீலையும் ஜாம் போத்தலும்

எமது பழைய பாடசாலைச் சஞ்சிகைகளில் வரும் பரிசு பெற்றோர் பட்டியல்களில் தையலுக்கும் கைவேலைக்கும் எப்போதும் தனி இடம் உண்டு. பூத்தையல், றேந்தை, குரோஷே விரிப்பு, மணிவேலை, பனையோலைப் பின்னல் எல்லாவற்றுக்கும் பரிசு கொடுத்திருக்கிறார்கள். கிழிந்த சீருடைக்கு ஒட்டுப் போட்டதற்கு, அப்பாவின் பழைய வேட்டியைத் தலையணை உறையாக்கியதற்கு, மாச் சாக்கில் குசினித் துணி தைத்ததற்கு ஒருவரும் பரிசு வாங்கியதாக இல்லை. ஆனால் இந்த நூறு ஆண்டுகளில் எமது கைகள் கூடுதலாகச் செய்த வேலை எதுவென்று கேட்டால் இரண்டாவது வகையைத்தான் சொல்லவேண்டும். பரிசுத் தையல் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்வந்தது. ஒட்டுத் தையலை நாம் நாள்தோறும் உடுத்திக்கொண்டு திரிந்தோம்.

இதன் வரலாற்றை எழுதப் புகுந்தால் முதலில் எதிர்ப்படும் சிக்கல், பொருள்கள் மிஞ்சாமை. மிஞ்சாமல் தேய்ந்து முடிவதுதான் அவற்றின் வேலையே. யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு நூற்சீலை போன பாதையை நினைத்துப் பார்ப்போம். 6 யார்ச் சீலை கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் உடுத்தப்பட்டு, நிறம் மங்கியதும் வீட்டுச் சீலையாகும். நடுவில் நைந்த பிறகு இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் இரண்டும் நடுவே வரும்படி சேர்த்துத் தைத்தால் படுக்கை விரிப்பு. வீட்டில் குழந்தை பிறந்தால் வளையிலே கட்டும் ஏணை அதே சீலைதான். புதுச்சீலையில் ஏணை கட்டுவதை எங்கள் அம்மம்மாமார் விரும்பவில்லை. பலமுறை தோய்த்த துணியின் மென்மை பிள்ளையின் தோலுக்கு வேண்டும் என்பார்கள். ஏணைக்குப் பிறகு அணைதுணி, தலையணை உறை, பானை இறக்கும் பிடிதுணி, கால்மிதி. கடைசியில் மிஞ்சும் கீலங்கள் விளக்குத் திரியாகும். பழைய வேட்டி கோயில் பந்தத்துக்கும் போகும். இப்படி எண்ணெயில் எரிந்து முடிந்த ஒரு பொருளை எந்த நூதனசாலையில் தேடுவது?

ஆகவே சாட்சிகள் மூன்று இடங்களில்தான் உண்டு: பாடத்திட்டங்களில், கடை கண்ணிகளின் கதையில், எங்கள் ஞாபகத்தில்.

பாடசாலையில் இருந்து தொடங்குவோம். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது வாசிப்போடு தையலும் சேர்ந்தே வந்தது. எழுத்துப் படித்த பெண்ணை யார் கட்டுவார் என்று கேட்ட ஊரில், ஊசி பிடிக்கப் பழகுகிறாள் என்று சொல்வது தகப்பன்மாருக்கும் வசதியாக இருந்திருக்கும். 1840 முதல் 1879 வரை அங்கே இருந்து 'ஆயிரம் பெண்மக்களின் தாய்' என்று பெயர் பெற்ற எலைசா அக்னியூ அம்மையார் காலத்தில் படித்து வெளியேறியோர் பலர் ஆசிரியைகளாகிக் கிராமங்களுக்குப் போனார்கள். ஊசியும் அவர்களோடு போயிற்று. அந்த மிஷனரிமாரின் சொந்த நாட்டில், நியூ இங்கிலாந்துப் பெண்கள் கூடியிருந்து தைத்து மிஷன்களுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது அவர்களுடைய வீட்டுக் கலை. குளிர் இல்லாத எங்கள் ஊரில் போர்வைக்குத் தேவை ஏற்படவில்லை. எனவே துண்டு சேர்க்கும் கை மட்டும் எங்களிடம் தங்கி, வேறு பொருள்களுக்குத் திரும்பியது.

பிரித்தானியப் பாடசாலை முறையும் இதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் 1862 இன் கல்வி ஒழுங்குவிதி உதவி பெறும் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்குச் சாதாரண தையலைக் கட்டாயமாக்கியது. 'சாதாரண' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பூவும் கொடியும் அதில் இல்லை. ஓரம் மடித்தல், பொத்தான் துளை கட்டுதல், நூலோடி ஓட்டை அடைத்தல், ஒட்டுப் போடுதல் என்பவையே பாடம். இந்தப் போக்கு குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. குடாநாட்டில் பின்னர் எழுந்த பெண்கள் பாடசாலைகள், 1896 இன் சுண்டுக்குளி, 1913 இன் இராமநாதன் கல்லூரி, 1943 இன் இந்து மகளிர் கல்லூரி எனக் கிறிஸ்தவமோ சைவமோ எதுவானாலும், தையலை விட்டுவிடவில்லை.

ஒட்டுப் போடுவதில் எமக்குச் சொல்லித் தந்த நுணுக்கத்தை இங்கே எழுதிவைக்கிறோம், ஏனெனில் இப்போது அதைச் சொல்லித் தருவார் குறைவு. ஒட்டுத் துணி புதிதாக இருக்கக்கூடாது. புதுத்துணி முதல் தோய்ச்சலிலேயே சுருங்கிப் பழந்துணியை இழுத்துக் கிழித்துவிடும். ஆகவே அதே வயதுள்ள துணியில் இருந்துதான் ஒட்டு எடுக்கவேண்டும். நூலோட்டம் இரண்டிலும் ஒரே திசையில் நிற்கவேண்டும். கிழிசலின் விளிம்பிலே தைத்தால் நிற்காது. சுற்றிலும் நைந்த இடம் முடிந்து நல்ல துணி தொடங்குமிடத்தில் தையல் விழவேண்டும். சீருடை வளர்ந்த பிள்ளைக்குக் குட்டையானால் கீழ்மடிப்பை அவிழ்த்து விடுவோம். பழைய மடிப்பின் கோடு அழியாமல் தெரியும். அதை மறைக்க அதன்மேல் ஒரு சிறு மடிப்போ ஒடுங்கிய றேந்தையோ வைத்துத் தைப்பது வழக்கம். கீழே இரண்டு வரி றேந்தை ஓடும் பாவாடையைப் பார்த்தால் அந்தப் பிள்ளை எத்தனை அங்குலம் வளர்ந்தாள் என்று சொல்லிவிடலாம். ஆண்களின் சேட்டுக் கொலர் நைந்தால் தையலைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்தால் இன்னும் ஒரு வருடம் ஓடும்.

சிங்கர் கம்பனி 1877 இல் கொழும்பில் கடை திறந்தது. பின்னர் தையல் மெசின் யாழ்ப்பாணத்துச் சீதனப் பொருள்களில் ஒன்றாகி, பெண் தன் பெயரில் கொண்டுவரும் ஒரேயொரு இயந்திரமாக நீண்ட காலம் இருந்தது. கை மெசினோ கால் மெசினோ, வீட்டில் அதன் அருகே ஒரு பை தொங்கும். வெட்டுத் துண்டுகளின் பை. எந்தத் துண்டையும் அதற்குள் போடலாம், எந்தத் துண்டையும் கேட்காமல் எடுக்கக்கூடாது.

உலக யுத்தம் வந்தபோது பிரித்தானியா 1941 யூன் 1 முதல் உடுப்புக்குக் கூப்பன் முறை கொண்டுவந்தது. இருப்பதைத் திருத்தி உடுக்கும்படி 1943 இல் அரசே கைநூல் அச்சிட்டுக் கொடுத்தது. அமெரிக்காவில் மா ஆலைகள் யுத்தத்துக்கு முன்பே தங்கள் சாக்குகளில் பூவேலை அச்சிடத் தொடங்கியிருந்தன, பெண்கள் அதில் சட்டை தைக்கிறார்கள் என்று கண்டுகொண்டதால். யாழ்ப்பாணத்தில் பூப்போட்ட சாக்கு கிடைக்கவில்லை. கோதுமை மா வந்த வெள்ளைப் பருத்திச் சாக்கின் எழுத்தைப் போக்க எத்தனை முறை அவித்துத் தோய்க்கவேண்டும் என்பது மட்டும் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. எழுத்து முழுதும் போகாது. தலையணை உறையின் ஒரு மூலையில் மங்கலாக ஆங்கில எழுத்து இருந்ததைக் கண்டுதான் எங்களில் சிலர் எழுத்துக் கூட்டப் பழகினோம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் குடாநாட்டுக்கு இரண்டு முகம் காட்டியது. வெளி மிளகாயும் வெங்காயமும் வராததால் எங்கள் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். அதே வேளை பிடவைக்குச் சங்கக்கடையில் வரிசை நின்றார்கள். 1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்து, ஊரில் உள்ள மூலப்பொருளில் வேலை பழக்கச் சொன்னது. பனையோலையும் தும்பும் சிரட்டையும் வகுப்பறைக்குள் வந்தன. கடதாசியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கிப் பெட்டி செய்தோம். 'டொக்டர் ஆகப் போற பிள்ளைக்கு இது என்னத்துக்கு' என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பரீட்சையும் தரப்படுத்தலும் அவர்களை அப்படி நினைக்க வைத்த காலம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பழந்துணி எல்லா வீட்டிலும் ஒரே பொருளைத் தரவில்லை. வசதியான வீட்டில் அது சிக்கனம். மற்ற வீட்டில் அதுவே உடுப்பு. பெரிய வீட்டுச் சீலை பழசாகி, வேலை செய்ய வந்தவளின் மகளுக்குப் பாவாடையாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்தபோது, 'இது எங்கடை அம்மாவின்ரை சீலையெல்லோ' என்று வகுப்பிலே உரக்கச் சொன்னவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். ஒட்டுப் போட்ட சீருடையை மறைக்கப் புத்தகப் பையை எப்போதும் ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்த தோழியரை நாம் அறிவோம். இந்த மலருக்காகப் பேசியபோது பலர் தாங்கள் பெற்ற பரிசுகளைப் பற்றி உடனே எழுதினார்கள். ஒட்டுப் போட்ட சட்டையைப் பற்றி எழுத, வெட்கம் தெளிய, இன்னும் கொஞ்ச நாள் கேட்டார்கள்.

அந்த வெட்கத்தை ஊர் முழுவதற்கும் ஒரேயடியாக இல்லாமல் ஆக்கியது 1990 யூனில் தொடங்கிய காலம். மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் ஆகியவை குடாநாட்டுக்குள் வரத் தடை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. இல்லாமை எல்லார் வீட்டுக்கும் பொதுவாகியபோது, பழைய சாமானில் இருந்து ஒன்றைச் செய்யத் தெரிந்தவருக்கு மதிப்பு வந்தது.

அந்த நாள்களின் பொருள்களில் முதலிடம் ஜாம் போத்தல் விளக்குக்குத்தான். அரிக்கன் லாம்பு ஒரு இரவில் குடிக்கும் எண்ணெய் எங்களுக்குக் கட்டாது. எனவே வெறும் ஜாம் போத்தல் ஒன்றின் அடியில் கொஞ்சம் பஞ்சோ பழந்துணியோ வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவோம். சைக்கிள் ரியூப்பில் இருந்து கழற்றிய வால்வுக் குழாய்க்குள் மெல்லிய திரியைச் செலுத்தி, ஒரு கம்பித் துண்டை வளைத்து அதைப் போத்தலுக்குள் நிறுத்துவோம். திரி சிறிது, உள்ளே போகும் காற்றும் அளவு, ஆகவே சுடரும் சிறிது. சில கரண்டி எண்ணெய் ஒரு இரவைக் கடத்தும். போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. எண்ணெய் தளும்பி ஊற்றுப்பட இடமில்லாததால் தட்டுப்பட்டு விழுந்தாலும் ஆபத்து குறைவு. இதை யார் முதலில் செய்தார் என்று பலர் பலரைச் சொல்வார்கள். நாம் அதற்குள் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தில் நான்கு பிள்ளைகள் நான்கு பக்கமும் இருந்து சாதாரணதரமும் உயர்தரமும் படித்தார்கள். காலையில் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் இருக்கும் எங்கள் சகோதரிகள் பலரின் சான்றிதழுக்குப் பின்னால் அந்தக் கரி இருக்கிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம், எல்லாருக்கும் தெரிந்தவைதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவில் வானொலியை இயக்கித் தமிழோசை கேட்டோம். ஓய்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்திக்கு உயிர் கொடுத்தோம். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளைக் கிளப்பச் சில துளி பெற்றோலைக் குழந்தையின் சூப்பிப் போத்தலில் கொண்டுதிரிந்தார்கள் ஆண்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். அது நுரைக்கும், அழுக்குப் போகும், ஆனால் வெள்ளைச் சீருடையில் ஒரு மஞ்சள் சாயல் ஏறும், மாடுகள் கொடியில் காயும் உடுப்பைத் தேடி வரும். நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததையும் பார்த்தோம்.

கொப்பி பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தவணை முடிவில் எல்லாருடைய கொப்பிகளிலும் எழுதாத தாள்களை எண்ணிக் கழற்றி, அளவுக்கு வெட்டி அடுக்கி, நடுவில் 3 அல்லது 5 துளை இட்டுத் தடித்த நூலால் கட்டினோம். துளை ஒற்றைப்படையாக இருந்தால் நூலின் இரு நுனியும் நடுத்துளையிலேயே சந்தித்து முடிச்சு உள்ளே மறையும். மேலட்டைக்குப் பழைய கலண்டர் மட்டை. முதுகுக்கு ஒரு கீலம் துணியைப் பசை பூசி ஒட்டுவோம். தையல் தெரிந்தவள் கட்டிய கொப்பி தாள் தாளாகக் கழராது. அவளுக்கு வகுப்பிலே நிறையக் கிராக்கி இருந்தது. இதே முறையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பாடப்புத்தகங்களையும் திருத்தினோம்.

பைகளின் கதையும் அப்படியே. வெறும் உரப்பை, சீனிப்பை, பிறகு நிவாரணப் பொருள் வந்த பைகள் எல்லாம் கடைக்குப் போகும் பையாகவும் பிள்ளையின் புத்தகப் பையாகவும் ஆயின. பிளாஸ்திக் இழையில் நெய்த அந்தப் பையை வெட்டினால் விளிம்பு பிரிந்துகொண்டே போகும். விளக்குச் சுடரில் விளிம்பை மெல்லக் காட்டி உருக்கி, இரட்டை மடிப்பாக மடித்துத் தைக்கவேண்டும். வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் நொறுங்கித் தூளாகிவிடும். ஆகவே உள்ளே ஒரு சாரத் துணி வைத்துத் தைத்தவர்களின் பைதான் வருடக் கணக்கில் நின்றது. வீட்டுக்கு அருகே வெட்டிய பதுங்குகுழியின் மேலே பனங்குற்றி அடுக்கி, அதே பைகளில் மண் நிரப்பி வைத்தோம். ஒரே வகைப் பை, ஒன்று தோளில், ஒன்று தலைக்கு மேல்.

பெண்கள் பாடசாலையின் மலரில் இதையும் எழுதாவிட்டால் வேறெங்கும் எழுதமாட்டார்கள். மாதவிடாய்க்குப் பழந்துணி எங்கள் அம்மம்மாமார் காலத்து வழக்கம். அடுத்த தலைமுறை கடையில் வாங்கப் பழகிய வேளையில் கடையில் பொருள் இல்லாமல் போயிற்று, அல்லது விலை எட்டாமல் போயிற்று. மீண்டும் மெல்லிய பருத்திச் சீலையைத் தேடினோம். மடித்துத் தைத்த துணியைத் தோய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். சனம் நிறைந்த வீட்டில், பிறகு முகாமில், வெயிலில் எங்கே காயவைப்பது? பாவாடைக்குள் மறைத்துக் கொடியில் போட்டோம். அரைகுறை ஈரத்தோடு உடுத்தி நோய் கண்டவர்களும் உண்டு. சிக்கனத்தைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் அந்த ஈரத்தையும் கூடவே நினைக்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழுந்து நடந்தது. சில இலட்சம் பேர் ஒரே இரவில், மழையில், தென்மராட்சிப் பக்கமாக. எதை எடுப்பது எதை விடுவது என்று தீர்மானிக்க அதிக நேரம் இருக்கவில்லை. சீலைகளை மூட்டை கட்டும் துணியாகவே பலர் எடுத்தார்கள், சீலைக்குள் சீலை. தையல் மெசினின் மேற்பகுதியை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டு அப்போது சிரித்தவர்கள், சாவகச்சேரியில் ஒரு மாதம் கழித்து உடுப்புத் தைக்க அவர்களிடமே போனார்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் சீலை கட்டி அறை பிரித்தோம். மர நிழலில் நடந்த வகுப்புகளுக்கு உரப்பையைப் பிரித்துத் தைத்த பாய் விரித்தோம். 1996 இல் திரும்பி வந்தபோது வீடுகளில் அலுமாரியும் இல்லை, அலுமாரிக்குள் இருந்ததும் இல்லை. பாடசாலைப் பதிவேடுகளும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் அப்போதுதான் போயின. இந்த மலருக்கு எமக்குக் கிடைத்த பழைய சஞ்சிகைகள், வெளிநாட்டுக்கு முன்னமே போன சகோதரிகளின் பெட்டிகளில் இருந்து வந்தவை.

2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் நடந்ததை அங்கிருந்த எங்கள் சகோதரிகள் சொல்லக் கேட்டு எழுதுகிறோம். கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினால் சரிந்துவிடும். மண்மூட்டைக்குப் பை இல்லை. சீலைகளை வெட்டிப் பையாகத் தைத்தார்கள். முதலில் வீட்டுச் சீலை, பிறகு நல்ல சீலை, கடைசியில் கூறைச்சீலை. பட்டு நல்ல பலமான நூல், மணலை ஒழுகவிடாது என்று ஒரு தங்கை வெகு சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

'அப்சைக்கிளிங்' என்ற சொல் அச்சில் முதன்முதலில் வந்தது 1994 இல், ஜேர்மனியப் பொறியியலாளர் ஒருவரின் செவ்வியில் என்று சொல்கிறார்கள். அதே ஆண்டில் நாங்கள் ஜாம் போத்தலுக்கு முன்னால் குந்தியிருந்தோம். இன்று அந்தச் சொல்லுக்குக் கடை, வகுப்பு, விலை எல்லாம் உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகள் தங்கள் பேத்திகள் பழைய சீலையில் பை தைக்கப் பழகுவதைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் தெரிவு இருப்பவர் செய்வதும் தெரிவு இல்லாதவர் செய்ததும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சீலைகளை அடுக்கி, சீலைக் கரையில் உருவிய நூலாலேயே தைத்த 'காந்தா' இன்று உலகச் சந்தையில் பெருவிலை போகிறது. யப்பானிய உழவர்களின் ஒட்டுப் போட்ட நீலத் துணிகளைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். தைத்தவர்களின் பெயர் அவற்றில் இல்லை. எங்கள் கால்மிதிகளுக்கு அந்த யோகமும் வரவில்லை என்பதில் ஒரு நன்மை உண்டு. கேட்டுப் பெயர் எழுதிக்கொள்ளத் தைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2022 இல் தெற்கிலும் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு நாடெங்கும் வரிசை நின்றது. அப்போது கொழும்பில் உள்ள தோழியர் எங்களிடம், 'நீங்கள் அந்த நாளிலை என்ன செய்தனீங்கள்?' என்று கேட்டார்கள். நாங்கள் வால்வுக் குழாயின் அளவைச் சொன்னோம். இப்போது ஜாம் பிளாஸ்திக் போத்தலிலும் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. அதில் விளக்குச் செய்யக்கூடாது.

செய்துபார்க்க விரும்பும் இளையோருக்காகக் கால்மிதியின் முறையை எழுதுகிறோம். பருத்திச் சீலையாகப் பார்த்து எடுக்கவேண்டும். நைலெக்ஸும் பொலியெஸ்ரரும் தண்ணீர் உறிஞ்சாது, காலுக்கு வழுக்கும். ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டுகளை வாங்குவோரும் இதைக் கவனிக்கவேண்டும், அவற்றில் செயற்கை இழையும் கலந்து வரும். சீலையை நீளப்பாட்டில் 2 அங்குல அகலக் கீலங்களாகக் கிழிக்கவேண்டும். கத்தரிக்கோல் நுனியில் மட்டும் போதும், கிழித்தால் நூலோட்டத்தில் நேராகப் போகும். மூன்று கீலங்களைச் சடை பின்னுவதுபோலப் பின்னி, ஒவ்வொரு கீலமும் முடியும் இடத்தில் அடுத்ததை ஊசியால் இணைத்துக்கொண்டே போகவேண்டும். மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே தடிக்கும், ஆகவே கீலங்களை வெவ்வேறு நீளத்தில் தொடங்குவது நல்லது. பின்னிய சடையை மேசைமேல் வைத்துச் சுருட்டிச் சுருட்டி, பக்கத்துச் சுற்றோடு சாக்கூசியால் தைக்கவேண்டும். மடியில் வைத்துத் தைக்கக்கூடாது. நூலை இறுக்கி இழுத்தால் மிதி கிண்ணமாகக் குவியும், தளர்த்திவிட்டால் ஓரம் அலையாக நெளியும். குவிந்துவிட்டால் பிரிக்க மனமில்லாதவர்கள் அதை அப்படியே மேலே தைத்துக்கொண்டு போய் நூல்கண்டு போடும் கூடையாக்கி விடுவார்கள். எங்கள் தையல் ரீச்சர் அதற்கும் புள்ளி போட்டார்.

சங்கம் இப்போது இப்படியான பொருள்களையும் அவற்றின் கதைகளையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. பொருள் இல்லாதவர்கள் செய்த முறையை எழுதி அனுப்பினால் போதும். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. யாரிடமாவது உண்மையாகவே எரிந்த ஜாம் போத்தல் விளக்கு ஒன்று இருந்தால், தயவுசெய்து உட்புறக் கரியைக் கழுவாமல் அனுப்புங்கள்.